லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பிக்சல்களே சென்சாருக்கு மின்சாரம் கொடுக்குமா? 300 லக்ஸ், 180 நானோமீட்டர் சிமாஸ்

குறைமின்

வணக்கம். 180 நானோமீட்டர் சாதாரண சிமாஸ் பிராசஸில் (சிப் தயாரிக்கும் வழக்கமான முறை) சின்ன இமேஜ் சென்சார் ஒன்று வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். 128×128 பிக்சல். ஒரு பிக்சலின் பக்கம் 25 மைக்ரோமீட்டர். பிக்சல் பரப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 சதுர மில்லிமீட்டர். பேட்டரியே கூடாது என்பது இலக்கு. ஒவ்வொரு நொடியிலும் 50 மில்லிநொடி பிக்சல்கள் படம் பிடிக்கும். மீதி 950 மில்லிநொடி அதே ஃபோட்டோடயோடுகள் சோலார் செல்லாக மாறி ஒரு கப்பாசிட்டரை நிரப்பும். அறைக்குள் 300 லக்ஸ் எல்இடி வெளிச்சம், முன்னால் எஃப்/2 லென்ஸ், நொடிக்கு ஒரு படம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீ நாயர் குழு 2015-இல் 30×40 பிக்சலில் இதே மாதிரி நொடிக்கு ஒரு படம் எடுத்துக் காட்டியிருக்கிறது. அதனால் நடக்கும் என்று நம்பித்தான் இறங்கினேன். இப்போது மூன்று இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று, என்-வெல்/பி-சப்ஸ்ட்ரேட் டயோடை (சிப்பின் பி-வகை அடித்தளமும் அதில் பதித்த என்-வகைப் பகுதியும் சேரும் டயோடு) சோலார் செல்லாக விட்டால் என்-வெல் முனை கிரவுண்டுக்குக் கீழே, மைனஸ் 0.4 வோல்ட்டுக்குப் போகிறது. சரி என்று பி-பிளஸ்/என்-வெல் டயோடுக்கு (என்-வெல்லுக்குள் மேலாகப் பதித்த பி-வகைப் பகுதி) மாறி இரண்டைத் தொடராக இணைத்தேன். 0.8 வரும் என்று பார்த்தால் 0.1 வோல்ட்கூட வரவில்லை.

இரண்டு, நெடுவரிசைகளின் பயாஸ் கரண்ட் (பிக்சலைப் படிக்கும் சர்க்யூட்டை இயங்கு நிலையில் வைக்கும் கரண்ட்) மட்டுமே 230 மைக்ரோவாட் காட்டுகிறது. எங்கே வெட்டுவது?

மூன்று, டேப்-அவுட்டுக்கு (சிப் வடிவமைப்பைத் தயாரிப்புக்கு அனுப்புவது) முன் பலகையில் எதைக் கட்டிச் சோதித்தால் உருப்படியான விடை கிடைக்கும்?

ஒளிமுனை

சர்க்யூட்டைத் தொடும் முன் லென்ஸைக் கணக்கில் எடுங்கள். உங்கள் திட்டம் உடைகிற இடம் அதுதான்.

300 லக்ஸ் என்பது காட்சியின் மேல் விழும் வெளிச்சம். சென்சாரின் மேல் விழுவது அது அல்ல. காட்சி லக்ஸை, பொருளின் பிரதிபலிப்பு விகிதத்தாலும் லென்ஸ் கடத்தும் விகிதத்தாலும் பெருக்கி, எஃப்-எண்ணின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். பிரதிபலிப்பு 0.2, லென்ஸ் 0.9, எஃப்/2 என்றால் 300 × 0.2 × 0.9 ÷ 16. விடை 3.4 லக்ஸ். ஏறத்தாழ 90 மடங்கு போய்விட்டது.

இதை வாட்டாக மாற்றிப் பாருங்கள். வெள்ளை எல்இடி ஒளியில் ஒரு வாட் ஒளிக்கு 300 லூமன் என்று வைத்தால், 300 லக்ஸ் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 மைக்ரோவாட். லென்ஸ் இல்லாமல் 10 சதுர மில்லிமீட்டரைத் திறந்து வைத்தால் விழுவது 10 மைக்ரோவாட். சிப்பில் உள்ள டயோடு அதில் 10 சதவீதத்தை மின்சாரமாக்கினால் 1 மைக்ரோவாட். லென்ஸுக்குப் பின்னால் வைத்தால் 11 நானோவாட். அந்த 10 சதவீதமே தாராளமான எண். உலோகத் தடங்கள் மறைப்பதைக் கழித்தால் இன்னும் குறையும்.

வோல்டேஜும் சேர்ந்து இறங்கும். ஒளி பத்தில் ஒன்றானால் திறந்த முனை வோல்டேஜ் 60 மில்லிவோல்ட் குறையும். 90 மடங்குக்கு 117 மில்லிவோல்ட். வெறும் சிப்பை மேசையில் வைத்து 0.4 பார்த்தவருக்கு லென்ஸை மாட்டியதும் 0.28 வரும். பல சார்ஜ் பம்ப்கள் (வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட்கள்) அந்த இடத்தில் தொடங்கவே தொடங்காது.

கொலம்பியா கேமராவை உங்களுடையதோடு ஒப்பிடுவது சரியில்லை. அவர்கள் சிப் செய்யவில்லை. கடையில் கிடைக்கும் தனித்தனி ஃபோட்டோடயோடுகள் 1200-ஐப் பலகையில் அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் சில சதுர மில்லிமீட்டர். ஒளி வாங்கும் பரப்பு உங்களுடையதைப் போல் பல நூறு மடங்கு, படிக்க வேண்டிய பிக்சல்களோ உங்களிடம் இருப்பதில் பதிமூன்றில் ஒன்றுக்கும் கீழே. அந்தக் கேமராவின் சிறப்பு வேறு: ஒரே டயோடு இரண்டு வேலையும் செய்யும், அதற்குப் பிக்சலுக்கு இரண்டே டிரான்சிஸ்டர் போதும் என்று காட்டியது. அந்த யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை எடுக்காதீர்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்ட பிக்சல் உங்களுக்கு நெருக்கமானது. மேலே உள்ள டயோடு படம் பிடிக்க, அதன் கீழே அமர்ந்த டயோடு அதே நேரத்தில் மின்சாரம் எடுக்கும். நொடிக்கு 15 படம் வரை போனார்கள், ஆனால் 60,000 லக்ஸில். அது நல்ல வெயில். இந்த வகைக் கட்டுரை எதைப் படித்தாலும் அந்த லக்ஸ் காட்சியின் மேலா, சிப்பின் மேலா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் அளவுக்கு வெளியில் 50,000 லக்ஸ் பகல் என்றால் லென்ஸுக்குப் பின் 560 லக்ஸ். சூரிய ஒளியில் 120 லக்ஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1 வாட் என்று கணக்கிட்டால் 10 சதுர மில்லிமீட்டரில் 47 மைக்ரோவாட் ஒளி; மின்சாரம் 4 முதல் 5 மைக்ரோவாட். வெளியில் முடியும். அறைக்குள் முடியாது.

அடுக்கு_டயோடு

முதல் கேள்விக்கு என் பதில்.

மைனஸ் வருவது தவறில்லை, அதுதான் இயல்பு. என்-வெல்/பி-சப் டயோடில் ஒளி எழுப்பும் எலக்ட்ரான்கள் என்-வெல்லுக்குள் சேரும். சப்ஸ்ட்ரேட்டை நீங்கள் கிரவுண்டில் கட்டி வைத்திருக்கிறீர்கள். அதனால் என்-வெல் கீழேதான் போக முடியும்.

தொடர் இணைப்பில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பி-பிளஸ்/என்-வெல் என்று வரைந்தாலும் அங்கே இருப்பது இரண்டு டயோடு. என்-வெல்லின் அடியில் பி-சப்ஸ்ட்ரேட்டோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேலும் ஒளி விழுகிறது. முதல் டயோடின் என்-வெல் கிரவுண்டில் இருப்பதால் அதன் அடி டயோடு ஷார்ட் ஆகிக் கிடக்கும். கெடுதல் இல்லை, வீண்தான். இரண்டாவதின் என்-வெல், முதல் டயோடின் பி-பிளஸோடு சேர்ந்த நடு முனை. அங்கே அடி டயோடு அந்த முனையிலிருந்து கரண்ட்டை உறிஞ்சிச் சப்ஸ்ட்ரேட்டுக்கு விடுகிறது.

எவ்வளவு உறிஞ்சும் என்பதை ஒளி எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முடிவு செய்கிறது. சிலிக்கானில் 450 நானோமீட்டர் நீலம் அரை மைக்ரோமீட்டருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 550 பச்சைக்கு ஒன்றரை, 650 சிவப்புக்கு மூன்றரை, 850 அகச்சிவப்புக்கு 18 மைக்ரோமீட்டர் அளவு. பி-பிளஸ் சந்தி இருப்பதோ மேற்பரப்பிலிருந்து 0.2 மைக்ரோமீட்டர் பக்கம். ஆக ஒளியின் பெரும்பங்கை அடி டயோடு வாங்கிக்கொள்கிறது. மேல் டயோடு நடு முனைக்குக் கொடுக்கும் கரண்ட்டைவிட அடி டயோடு இழுப்பது அதிகம். நடு முனை உயராமல் மைனஸுக்கே சாய்கிறது. அதன் மேல் இரண்டாவது டயோடின் 0.4-ஐ வைத்தால் மிஞ்சுவது உங்கள் 0.1.

கீழ்ப் படியில் உள்ள டயோடைப் பல மடங்கு பெரிதாக்கி இதைச் சமாளிக்கலாம் என்பார்கள். பிக்சல் சென்சாரில் அதற்கு இடம் கிடையாது. தொடர் வேண்டுமென்றால் எஸ்ஓஐ (சிலிக்கானுக்கு அடியில் காப்பு அடுக்கு உள்ள முறை) போல ஒவ்வொன்றையும் பிரித்து வைக்கும் பிராசஸ் வேண்டும். சாதாரண சிமாஸில் எல்லா டயோடையும் இணையாகக் கட்டி, சார்ஜ் பம்ப் வைத்து உயர்த்துவதுதான் வழி. இணைப்பு இணையாக இருப்பது படம் பிடிக்கும் சென்சாருக்கு வேறு விதத்திலும் நல்லது. காட்சியில் ஒரு மூலை இருட்டாக இருந்தால், தொடரில் அந்த மூலை மொத்தக் கரண்ட்டையும் பிடித்து நிறுத்தும். இணையில் அது சும்மா இருக்கும்.

மின்சாரம் அதிகம் வேண்டும் என்றால் ஆழமான டயோடையே, அதாவது மைனஸையே எடுங்கள். ஆனால் மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும்.

பிக்சலில் போடும் ஸ்விட்ச். சாதாரண என்மாஸின் கேட்டை 0-வில் வைத்து மூடிவிட்டோம் என்று நினைப்போம். சோர்ஸ் மைனஸ் 0.4-இல் இருந்தால் கேட்-சோர்ஸ் வோல்டேஜ் பிளஸ் 0.4. அது பாதி திறந்த குழாய். அதோடு அதன் என்-பிளஸ் சோர்ஸும் சப்ஸ்ட்ரேட்டோடு ஃபார்வர்டு பயாஸில் இருக்கும். டீப் என்-வெல் (சப்ஸ்ட்ரேட்டிலிருந்து பிரித்து வைக்கும் ஆழமான என்-வகைப் பகுதி) கிடைத்தால் ஸ்விட்ச்சை அதற்குள் போடுங்கள். கிடைக்காவிட்டால் பி-பிளஸ்/என்-வெல்லோடு திருப்திப்பட்டு பிளஸ் 0.4-ஐ எடுங்கள்.

கப்பாசிட்டர் நிரம்பிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பது இரண்டாவது. அறுவடை முனையை (ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் முனை) திறந்த நிலையில் விட்டால் ஒளி எழுப்பிய அத்தனை கரண்ட்டும் ஃபார்வர்டு திசையில் சப்ஸ்ட்ரேட்டுக்குள் எலக்ட்ரான்களாக ஊற்றும். அவை பக்கத்தில் உள்ள சாம்பிள்-ஹோல்டு முனைகளில் போய்ச் சேர்ந்து சேமித்த சிக்னலைக் கரைக்கும். பக்கத்தில் பிமாஸ் இருந்தால் லாட்ச்-அப் (சிப்புக்குள்ளேயே ஷார்ட் ஆகி மாட்டிக்கொள்வது) வரைக்கும் போகலாம். நிரம்பியதும் என்-வெல்லைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிடுங்கள். ஷார்ட்டில் ஊற்று நின்றுவிடும்.

மூன்றாவது கார்டு ரிங். விடிடி-யில் (மின்வழங்கல் முனை) கட்டிய என்-வெல் வளையம் எலக்ட்ரான்களைப் பிடித்து அண்டை சர்க்யூட்டைக் காப்பாற்றும். ஆனால் அறுவடைக்கு வர வேண்டிய எலக்ட்ரான்களையும் அதுவே பிடித்து, விடிடி-யிலிருந்து கரண்ட்டாக வாங்கிக்கொள்ளும். ஆகவே பிக்சல்களுக்கு நடுவே அந்த வளையம் கூடாது. அணியின் வெளிவிளிம்பில் ஒரே ஒரு சுற்று, அதுவும் 20-30 மைக்ரோமீட்டர் தள்ளி.

இன்னொன்று: அறுவடையிலிருந்து படம் பிடிக்கும் நிலைக்கு மாறும்போது டயோடில் தங்கிய சார்ஜ் உடனே போகாது. முந்தைய காட்சியின் சாயல் படத்தில் தெரியும். கேட்டை விடிடி-க்கு மேல் உயர்த்தி ஹார்ட் ரீசெட், அதுவும் இரண்டு முறை.

நானோஜூல்

230 மைக்ரோவாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாட்டில் நினைக்காமல் ஒரு படத்துக்கு எத்தனை ஜூல் என்று நினையுங்கள்.

128 நெடுவரிசை, தலா 1 மைக்ரோஆம்பியர், 1.8 வோல்ட்: 230 மைக்ரோவாட்தான். ஆனால் ஒரு வரிசை நிலைப்பட 10 மைக்ரோநொடி போதும். 128 வரிசைக்கு 1.28 மில்லிநொடி. அந்த நேரம் மட்டும் பயாஸைத் திறந்தால் படத்துக்கு 0.3 மைக்ரோஜூல். வேகமாகப் படி, உடனே மூடு. மெதுவாகப் படித்தால் மின்சாரம் மிச்சம் என்பது இந்த வகை ரீட்அவுட்டுக்குப் பொருந்தாது.

ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் பகுதி) எது வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நெடுவரிசைக்கு ஒரு சிங்கிள்-ஸ்லோப், 8 பிட், 5 மெகாஹெர்ட்ஸ் கவுண்டர் என்று எடுத்தால் ஒரு வரிசைக்கு 51 மைக்ரோநொடி, மொத்தம் 6.6 மில்லிநொடி. அவ்வளவு நேரமும் 128 கம்பேரேட்டர் தலா 1 மைக்ரோஆம்பியர் குடித்தால் 1.5 மைக்ரோஜூல். எஸ்ஏஆர் (கப்பாசிட்டர் அணியால் பிட் பிட்டாக ஒப்பிடும் ஏடிசி வகை) வைத்து ஒரு மாற்றப் படிக்கு 10 ஃபெம்டோஜூல் எட்டினால் பிக்சலுக்கு 2.5 பிக்கோஜூல், படத்துக்கே 41 நானோஜூல். முப்பது மடங்குக்கு மேல் மிச்சம், ஆனால் 25 மைக்ரோமீட்டர் அகலத்துக்குள் கப்பாசிட்டர் அணியை அடைக்க லேஅவுட்டில் பாடுபட வேண்டும். நான்கு நெடுவரிசைக்கு ஒன்று என்று பகிர்ந்தால் வேலை சுலபம்.

பெரும்பாலானோர் கணக்கில் விடுவது பேடுகளை (சிப்பின் வெளி இணைப்பு முனைகள்) தான். பேட், பேக்கேஜ், பலகைத் தடம் எல்லாம் சேர்த்து 10 பிக்கோஃபாரட் வைத்துக்கொள்ளுங்கள். 1.8 வோல்ட்டில் ஒரு முறை மேலே ஏற 32 பிக்கோஜூல். எட்டு பிட் இணையாக வெளியே போனால் சராசரியாக இரண்டு கம்பி ஏறும், கூடவே கிளாக் ஒன்று. பிக்சலுக்கு 97 பிக்கோஜூல். எஸ்ஏஆர் ஏடிசி-யைப் போல் நாற்பது மடங்கு. படத்துக்கு 1.6 மைக்ரோஜூல்.

பின் குறையட்டும் என்று சீரியலுக்கு மாறினால் இன்னும் மோசம். ஒவ்வொரு பிட்டுக்கும் கிளாக் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும்: பிக்சலுக்கு 324 பிக்கோஜூல், படத்துக்கு 5.3 மைக்ரோஜூல். முதலில் பேட் வோல்டேஜை 1.0-க்கு இறக்குங்கள். வர்க்கத்தில் குறையும், 3.2 மடங்கு மிச்சம், வேறு எதையும் தொடாமல். பிறகு முந்தைய பிக்சலோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் கிரே கோடில் (அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே ஒரே பிட் மாறும் குறியீடு) அனுப்புவது பற்றி யோசிக்கலாம்.

சிங்கிள்-ஸ்லோப், 1.8 வோல்ட் இணை பேட் என்றே வைத்தால் மொத்தம் படத்துக்கு 3.4 மைக்ரோஜூல். நொடிக்கு ஒன்று என்றால் 3.4 மைக்ரோவாட். அதோடு தூங்கும்போது ஓடுபவை: 32 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், ரெஃபரன்ஸ், லீக்கேஜ். 0.3 மைக்ரோவாட்டுக்குள் அடக்க 180 நானோமீட்டர் நல்ல தேர்வு. 65-க்குப் போனால் சுவிட்ச்சிங் குறையும், லீக்கேஜ் விழுங்கிவிடும். இந்தப் பயனுக்கு 180-ஐ விடாதீர்கள்.

ஒளிமுனை சொன்ன 11 நானோவாட்டை இதன் பக்கத்தில் வையுங்கள். தூக்கச் செலவே முப்பது மடங்கு. எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் கப்பாசிட்டர் ஏறாது.

கடைசியாக ஒன்று. அறுவடை சென்சாரில் சர்க்யூட் பகுதி முழுவதையும் மேல் உலோக அடுக்கால் மூடுங்கள், விளிம்புக்கு வெளியேயும் 20 மைக்ரோமீட்டராவது நீட்டி. வெயிலில் திறந்த டிரெயின் சந்தி ஒவ்வொன்றும் ஒரு ஃபோட்டோடயோடு. சிமுலேஷனில் பிக்கோஆம்பியர் காட்டிய பயாஸ் சர்க்யூட் நிஜ வெளிச்சத்தில் வேறு இடத்தில் போய் நிற்கும். சிமுலேட்டருக்கு ஒளி தெரியாது. முக்கிய சந்திகளுக்கு நீங்களே கரண்ட் சோர்ஸ் போட்டுச் சோதிக்க வேண்டும்.

குறைமின்

மிக்க நன்றி. லென்ஸ் கணக்கு போடாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

பலகைச் சோதனைக்கு பிபிடபிள்யூ34 டயோடு எடுத்தேன். டேட்டாஷீட்டில் லக்ஸுக்கு 80 நானோஆம்பியர், அதாவது 1000 லக்ஸில் 80 மைக்ரோஆம்பியர். லக்ஸ்மீட்டர் 1000 காட்டும் எல்இடி விளக்கின் கீழே ஷார்ட் கரண்ட் 9 மைக்ரோஆம்பியர்தான். நான்கு டயோடு மாற்றிப் பார்த்தும் அதேதான். போலிச் சரக்கா?

பலகைப்பணி

டயோடு சரியானதுதான். அந்த 80 நானோஆம்பியர் டங்ஸ்டன் இழை விளக்குக்கு அளந்தது. இழை விளக்கின் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு. லக்ஸ்மீட்டர் அதை எண்ணாது, சிலிக்கான் எண்ணும். எல்இடியில் அகச்சிவப்பு கிடையாது. 1000 லக்ஸ் எல்இடி ஒரு சதுர மீட்டருக்கு 3.3 வாட், டயோடின் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். 25 மைக்ரோவாட் ஒளி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வாட்டுக்கு 0.35 ஆம்பியர். பெருக்கினால் 8.7 வருகிறது. உங்கள் மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. அறுவடைக்கு டேட்டாஷீட் பார்க்கும்போது எந்த விளக்கு என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பலகைக்கு என் பரிந்துரை: பிக்சல் அறுவடையை மறந்து, லென்ஸுக்கு வெளியே ஒரு சிறு அமார்ஃபஸ் சிலிக்கான் பலகத்தை வையுங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்றது அதுதான். 200 லக்ஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 5 மைக்ரோவாட் தரும். கண்ணாடிமேலேயே செல்களைத் தொடராகப் பிரித்திருப்பதால் வோல்டேஜ் தொல்லையும் இல்லை. 300 லக்ஸில் 4 சதுர சென்டிமீட்டருக்கு 28 மைக்ரோவாட், பூஸ்ட் கன்வெர்ட்டர் இழப்பு போக 20.

கன்வெர்ட்டரில் பிக்யூ25570 எல்லோரும் எடுப்பது. ஓட ஆரம்பித்த பின் 100 மில்லிவோல்ட்டிலும் இழுக்கும். ஆனால் காலியான கப்பாசிட்டரிலிருந்து கிளம்ப 600 மில்லிவோல்ட்டும் 15 மைக்ரோவாட்டும் வேண்டும். 300 லக்ஸில் கிளம்பும், 100 லக்ஸில் கிளம்பாது. ஏஇஎம்10941-க்கு 380 மில்லிவோல்ட், 3 மைக்ரோவாட் போதும். இரவெல்லாம் இருட்டில் கிடந்து காலையில் தானே எழ வேண்டிய கருவி என்றால் பின்னதை எடுங்கள்.

சென்சாருக்கு ஹைமாக்ஸ் எச்எம்01பி0. 320×240-இல் நொடிக்கு 60 படம் எடுக்கும்போது 2 மில்லிவாட்டுக்குள். படத்துக்கு 33 மைக்ரோஜூல். இங்கே தவறு செய்பவர்கள் அதிகம்: பவர் கொடுத்ததும் முதல் படம் நன்றாக வராது. தானியங்கி எக்ஸ்போஷர் நிலைபெறப் பத்துப் படம் போகும். 33 என்பது 330 ஆகிவிடும். கடைசியாக நல்ல படம் தந்த எக்ஸ்போஷர், கெயின் மதிப்புகளைச் சேமித்து வைத்து அடுத்த முறை நேராக ரெஜிஸ்டரில் எழுதுங்கள்.

ரேடியோ கணக்கைப் பார்த்தால் சென்சார் ஒன்றுமே இல்லை. 76,800 பைட் என்றால் 6,14,400 பிட். புளூடூத்தில் உண்மையாகப் போவது நொடிக்கு 700 கிலோபிட், 0.88 நொடி, 15 மில்லிவாட், 13 மில்லிஜூல். படம் பிடித்ததைப் போல் 400 மடங்கு. 20 மைக்ரோவாட்டில் அதைச் சேர்க்க 11 நிமிடம்.

13 மில்லிஜூலை ஒரே மூச்சில் அனுப்ப 4.2-இலிருந்து 2.2 வோல்ட் வரை இறங்கலாம் என்றால் 2.1 மில்லிஃபாரட் வேண்டும். அங்கேதான் அடுத்த பள்ளம். 4700 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் என்றால் வழக்கமான 0.01 × கொள்ளளவு × வோல்டேஜ் விதிப்படி லீக்கேஜ் 296 மைக்ரோஆம்பியர் வரை அனுமதி. பலகம் தருவதே சில மைக்ரோஆம்பியர். சூப்பர்கப்பாசிட்டர் டேட்டாஷீட்டில் போடும் லீக்கேஜ் 72 மணி நேரம் சார்ஜில் வைத்த பின் அளந்தது. முதல் சில மணி நேரத்தில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். 0.1 ஃபாரட்டைப் பூஜ்யத்திலிருந்து 4.2-க்கு ஏற்ற 20 மைக்ரோவாட்டில் 12 மணி நேரம், லீக்கேஜே இல்லை என்றாலும்.

அதனால் படத்தை 15 வரி கொண்ட 16 பட்டைகளாக வெட்டுங்கள். பட்டைக்கு 0.8 மில்லிஜூல், 150 மைக்ரோஃபாரட் போதும். செராமிக் கப்பாசிட்டரே தாங்கும். 100 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டது 4 வோல்ட்டில் 40 அளவுதான் மிஞ்சும், ஆகவே நான்கு போடுங்கள். காத்திருக்கும் பட்டைகளை எஃப்ரேம் நினைவகத்தில் வையுங்கள். 1 மெகாபிட் சிப்பில் முழுப் படமும் அடங்கும், மின்சாரம் போனாலும் அழியாது, ஃபிளாஷ் போல எழுதக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

பலகையில் கண்ணில் படாமல் கரண்ட் குடிப்பது பெரும்பாலும் இது: சென்சாரின் விடிடி-யை மாஸ்ஃபெட்டால் வெட்டிவிட்டீர்கள், ஆனால் ஐ2சி (சென்சாரோடு பேசும் கம்பிகள்) புல்-அப் ரெசிஸ்டர்கள் இன்னும் நிரந்தர விடிடி-யில். கரண்ட் சென்சார் பின்னுக்குள் நுழைந்து இஎஸ்டி (நிலைமின்சாரப் பாதுகாப்பு) டயோடு வழியாக உள்ளே போய் அதைப் பாதி உயிரோடு வைத்திருக்கும். மல்டிமீட்டரில் வெட்டிய விடிடி-யை அளந்தால் 0 வராமல் 1 வோல்ட் பக்கம் நிற்கும், அதுதான் அடையாளம். புல்-அப்களை வெட்டப்படும் பக்கத்தில் கட்டுங்கள், விடிடி-யை வெட்டும் முன் மைக்ரோகன்ட்ரோலர் பின்கள் எல்லாவற்றையும் 0-க்கு இறக்குங்கள்.

படத்தில் கிடைக்கோடுகளாகப் பட்டை விழுந்தால் பூஸ்ட் கன்வெர்ட்டரின் ரிப்பிள்தான் காரணம். ரீட்அவுட் நேரத்தில் பலகத்துக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரு சிறு ஸ்விட்ச்சைத் திறந்து, கப்பாசிட்டரில் மட்டும் ஓட்டுங்கள். பிக்யூ25570-இன் இஎன் பின்னை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது சிப் முழுவதையும் முடக்கி வெளியீட்டையும் சேர்த்து வெட்டிவிடும்.

அந்தச் சிப்பின் வோல்டேஜ் வரம்புகளை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர் சங்கிலி 13 மெகாஓம். சால்டரிங் ஃபிளக்ஸ் எச்சம் அதன் மேல் படிந்திருந்தால் வரம்பு நகரும், மழைக்காலத்தில் இன்னும் நகரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அளவெடுங்கள்.

குறைமின்

பட்டை பட்டையாக அனுப்புவது தோன்றவே இல்லை. ஒளிமுனை அண்ணா, அப்படியானால் சிப்பில் பிக்சல் அறுவடையை அடியோடு எடுத்துவிட்டு வெளிப் பலகத்தையே நம்பலாமா? நானோஜூல் கணக்கின் 3.7 மைக்ரோவாட்டுக்கு 1 சதுர சென்டிமீட்டர் பலகமே 300 லக்ஸில் போதும்போல் தெரிகிறது.

ஒளிமுனை

7 மைக்ரோவாட்டில் இழப்பு போக 4 வரும். போதும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. 2 சதுர சென்டிமீட்டர் வையுங்கள். சுவரில் மாட்டினால் பலகத்தின் மேல் விழுவது மேசை மேல் அளந்த 300 லக்ஸில் பாதியாகக்கூட இருக்கலாம், லக்ஸ்மீட்டரைச் சுவரோடு செங்குத்தாக வைத்து அளந்து முடிவு செய்யுங்கள்.

பிக்சல் அறுவடையை எடுக்க வேண்டாம். லென்ஸ் இல்லாத இடம், வெளிப் பலகம் வைக்கவே முடியாத இடம், இவற்றில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஐடஹோ பல்கலைக்கழகத்தில் 2011-இல் வந்த 54×50 பிக்சல் சென்சார் விழித்திரைச் செயற்கை உறுப்புக்காகச் செய்தது. கண்ணுக்குள் பலகம் மாட்ட இடமேது? உங்கள் சிப்பில் அதற்கு வேறு ஒரு வேலை கொடுக்கலாம்.

எல்லாப் பிக்சலையும் இணையாகக் கட்டியபோது வரும் ஷார்ட் கரண்ட், லென்ஸ் வழியாக வந்த காட்சியின் சராசரி வெளிச்சத்துக்கு நேர் விகிதம். அதாவது படம் எடுக்கும் முன்னரே எக்ஸ்போஷர் மீட்டர் கையில் இருக்கிறது, தனியாக ஒரு பிக்சல்கூடச் செலவில்லாமல். முனையை முதலில் கிரவுண்டோடு ஷார்ட் செய்து பூஜ்யமாக்குங்கள். பிறகு 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றோடு சேர்த்து, 0.1 வோல்ட் மாற எத்தனை கிளாக் ஆகிறது என்று எண்ணுங்கள். 3.4 லக்ஸில் உங்கள் 10 சதுர மில்லிமீட்டர் 40 நானோஆம்பியர் தரும், 0.25 நொடியில் எண்ணி முடியும். எக்ஸ்போஷர் நேரம் அந்த எண்ணிக்கைக்கு நேர் விகிதம்: எண்ணிக்கை இரண்டு மடங்கானால் எக்ஸ்போஷரும் இரண்டு மடங்கு. பலகைப்பணி சொன்ன பத்து வீண் படங்களும் மிச்சம். 0.1 வோல்ட்டைத் தாண்டி அளக்காதீர்கள், 0.2-க்கு மேல் டயோடே கடத்தத் தொடங்கி எண்ணிக்கை நீளும், காட்சி உண்மையைவிட இருட்டு என்று தோன்றும்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விலை குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். நல்ல வெளிச்சத்தில் இந்த எண்ணிக்கை 10 மில்லிநொடிக்குக் கீழே இறங்கினால் மினுக்கலின் எந்தப் பகுதியில் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை ஆடும். அப்போது 1 மைக்ரோஃபாரட்டுக்கு மாறி அளவை நீட்டுங்கள். படத்தின் எக்ஸ்போஷரையும் 10 மில்லிநொடியின் மடங்குகளிலேயே வையுங்கள்; இல்லையென்றால் ரோலிங் ஷட்டரில் வரும் பட்டைகளைப் பார்த்து மறுபடியும் பூஸ்ட் கன்வெர்ட்டரைச் சந்தேகிப்பீர்கள்.